வலது கைக்கு ஒரு தொப்பி

இதைப் படித்துவிட்டு யாரும் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வர வேண்டாம். ஏற்கெனவே வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனதே ஃபிரிட்ஜில் சுருங்கிக் கிடக்கிறது. "எங்க வீட்டிலயும் ஒருத்தருக்கு இப்படி ஆயிடுச்சு, அந்த மூளை மெஷினைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று போன் செய்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து எனக்கு வாய் சீக்கிரம் களைத்துப்போகும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை. அதனால்தான் இடது கைக் கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி ஒரே தடவையாக எழுதிவைக்கிறேன்.

என் பெயர் வசந்தி. பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வீடு ஸ்ரீரங்கம், வகுப்பு மன்னார்புரம் பக்கத்தில் ஒரு காலி மைதானத்தில். என்னிடம் திட்டு வாங்காமல் வண்டி கற்றுக்கொண்டவர் யாரும் கிடையாது. "ரோட்டைப் பாருடி, ஹேண்டில்பாரை எதுக்குப் பாக்கறே, அது எங்கயும் ஓடிப்போயிடாது" என்று நான் போடும் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். ஸ்கூட்டிக்கு எல்லாமே வலது கை. ஆக்சிலேட்டர் அதில், முன் பிரேக் அதில், தடுமாறுகிறவளை எட்டிப் பிடிப்பதும் அதில்தான்.

அன்று பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "காலை ஊனாதீங்க" என்று கத்தினேன். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ கொழகொழவென்ற சத்தம். அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கையிலிருந்த சாவி விழுந்தது. குனிந்தேன். சாவி கண்ணுக்குத் தெரிகிறது, கை அங்கே போக மாட்டேன் என்கிறது. அப்புறம் நானும் மண்ணில் கிடந்தேன். அந்த அம்மாதான் ஆட்டோ பிடித்து முதலில் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே சர்க்கரை குறைந்துவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் ஓடி வந்து பார்த்து, கோணிய வாயைக் கண்டு பதறி, தில்லை நகரில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது நேரமாகிவிட்டது.

சி.டி. ஸ்கேன் என்பது ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை விட்டு எடுக்கும் படம். மூளையில் ரத்தக் கசிவா, அடைப்பா என்று அதில்தான் முதலில் தெரியும். எனக்கு அடைப்பு. இடது பக்கத்து மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ஒரு ரத்தக் கட்டி போய் உட்கார்ந்துவிட்டது. இடது மூளைதான் வலது கை, வலது காலை ஆட்டிவைக்கிறது. பேச்சும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கட்டியைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, ஆனால் அதைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று ஒரு டாக்டர் இவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பதில் பேசத்தான் வாய் இல்லை. கேட்டுக்கொண்டு மரக்கட்டை மாதிரி கிடந்தேன்.

ஐ.சி.யூ.வில் பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தொண்டையும் பாதி மரத்திருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதாம். தண்ணீர் குடிப்பதில் ஒரு மனுஷி பெயிலாக முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நாத்தனார் தினமும் ரசம் சாதத்தைக் கூழாகக் கரைத்து, வடிகட்டி எடுத்துக்கொண்டு வருவார். நான் விழுங்கும் வரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியிலேயே கிடந்தார். பில் வரும்போதெல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு "அதெல்லாம் நீ கேக்காத" என்பார். பேச்சு திரும்பி வந்தபோது நான் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம், "சட்டைய மாத்தித் தொலைங்க, நாறுது." அதைக் கேட்டு அவர் அழுத அழுகையில் நர்ஸ் பயந்து ஓடி வந்தார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். அதிர்ந்து பேச மாட்டார். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் மொட்டை இவருக்குத்தான். மகளுக்கு டெங்கு வந்தபோது மொட்டை, நாத்தனாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றபோது மொட்டை. நான் ஐ.சி.யூ.வை விட்டு வந்ததும் சமயபுரம் போய் மறுபடி மொட்டை போட்டுக்கொண்டு சந்தனத் தலையோடு வந்து நின்றார். நாத்தனார் தன் பங்குக்கு எனக்காக அங்கப்பிரதட்சணம் செய்து, முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தார். நோய் ஒருத்திக்கு, நேர்த்திக்கடன் இன்னொருத்தருக்கு. எங்களுக்கெல்லாம் இது சாதாரணம்தான்.

கால் திரும்பியது. குச்சி ஊன்றி நடந்தேன். பேச்சு திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. ஆரம்பத்தில் துணி மாதிரித் தொங்கியது, பிறகு இறுகி மூடிக்கொண்டது. மூளையிலிருந்து சரியான உத்தரவு வராவிட்டால் தசைகள் தாங்களாகவே இறுகிப்போகும் என்றார்கள். உள்ளங்கை வியர்த்து நாற்றம் எடுக்கும். இவர் தினம் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் போட்டுவிடுவார். விட்டதும் கை மறுபடி மூடிக்கொள்ளும். இந்தக் கை திறக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

மறுவாழ்வுச் சிகிச்சை பார்க்கிற டாக்டரம்மாதான் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தவர்கள் சிலரோடு சேர்ந்து நடத்துகிறார்கள். தலைக்கு ஒரு தொப்பி, அதன் உள்பக்கம் உப்புத் தண்ணீரில் நனைத்த சின்னச் சின்னப் பஞ்சுகள். மூளையில் ஓடுகிற மின்சாரத்தை அது தோலுக்கு மேலிருந்தே பிடிக்கும். கைக்கு ஒரு உறை, அதில் குட்டி மோட்டார். நான் "கை திறக்கணும்" என்று நினைத்தால் தொப்பி அதைக் கண்டுபிடித்து உறைக்குச் சொல்லும், உறை என் விரல்களைப் பிரிக்கும். "நீங்க நினைக்கறதும் கை அசையறதும் ஒரே சமயத்துல நடக்கணும். அந்த ரெண்டும் சேரச் சேரத்தான் மூளை புது வழி போட்டுக்கும். முதல் சில மாசம்தான் அது வேகமா நடக்கும்" என்றார் டாக்டரம்மா. மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தவள் ஷாலினி என்கிற இன்ஜினியர் பெண். தலையில் எண்ணெய் கூடாது, தினம் ஒரு மணி நேரம் கட்டாயம், போட்டீர்களா இல்லையா என்பது கூடவே தருகிற டேப்லெட் வழியாக எங்களுக்குத் தெரிந்துவிடும், தொடர்ந்து விட்டுப்போனால் காத்திருக்கிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று விளக்கினாள். இவர் அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

முதலில் எனக்கு அது ஓரளவு வேலை செய்தது. என் முடியோ அடர்த்தி, எண்ணெய் ஊறி ஊறி வளர்ந்த முடி. எத்தனை ஷாம்பு போட்டாலும் பஞ்சு சரியாக ஒட்டாது. சிக்னல் வரவில்லை, வரவில்லை என்று டேப்லெட் கத்திக்கொண்டே இருக்கும். ஆனாலும் நான் நினைத்து, மோட்டார் "கிர்ர்" என்று ஓடி, விரல்கள் பிரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கத்தினேன். பத்துக்கு நாலு தடவையாவது திறக்கும். அந்த நாலுக்காகத்தான் காலையில் கண் விழித்தேன்.

பிறகு ஒரு நாள் கோயிலுக்குப் போனோம். தீர்த்தம் கொடுத்துக்கொண்டே வந்த பட்டர் என் முன்னால் நின்றார். நான் இடது கையை நீட்டினேன். "வலது கையை நீட்டுங்கோம்மா" என்றார். மனிதர் கோபமாகச் சொல்லவில்லை, பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன், மூடிய கையை. பின்னால் வரிசை நிற்கிறது. இவர் சட்டென்று தன் கையை நீட்டி வாங்கி, என் வாயில் ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், அப்புறம் தொப்பியைத் தொடவே இல்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கை இறுக்கத்துக்கு ஒரு மாத்திரை. இரண்டும் சேர்ந்து மதியச் சாப்பாடு முடிந்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். இவர் கெஞ்சிப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் போட்டுக்கயேன்" என்பார். "உங்க தலையில போட்டுக்குங்க" என்று எரிந்து விழுவேன். சில நாளில் கெஞ்சுவதை நிறுத்திவிட்டார். ஆனால் மெஷினை எடுத்துப்போக யாரும் வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

அப்படியே வாரங்கள் போயின. ஒரு காலை என்னவோ மனசு கேட்கவில்லை. இவர் கடைக்குப் போயிருந்தார். வந்திருந்த நாத்தனாரிடம், "அண்ணி, அந்தத் தொப்பிய மாட்டி விடுங்க, அவர்கிட்ட சொல்லாதீங்க, திறந்துச்சுன்னா நானே காட்டறேன்" என்றேன். பஞ்சை நனைத்துத் தொப்பியையும், கை உறையையும் மாட்டிவிட்டார். டேப்லெட்டில் மூடிய கையின் படம். நான் நினைத்தேன். திற. ஒன்றும் ஆகவில்லை. திற, திறந்து தொலை, சனியனே. பல்லைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர வர நினைத்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட மோட்டார் ஓடவில்லை. முன்னால் பத்துக்கு நாலு வந்ததே, அதுவும் இல்லை. சரி, மூளையில் அந்த இடம் செத்துப்போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். "சார்ஜ் இல்லையோ என்னவோ" என்றார் நாத்தனார். சார்ஜ் முழுசாக இருந்தது. இனி இருந்து என்ன, இவருக்குப் பாரமாக, என்று நினைத்தேன். அந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றினால் சொல்லிவிடுங்கள், டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அதற்கு அடுத்த சில நாட்கள் மதிய மாத்திரையை விழுங்காமல் துப்பிவிட்டேன். எதற்கு இனி மாத்திரை என்ற வெறுப்புதான். அப்படி ஒரு மதியம் அரைத் தூக்கத்தில் கிடந்தபோது "கிர்ர்" என்ற சத்தம். கண்ணைத் திறந்தேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு இவர் உட்கார்ந்திருக்கிறார். மொட்டை போட்டு இன்னும் முடி சரியாக வளராத தலையில் என் தொப்பி. காதோரம் உப்புத் தண்ணீர் சொட்டுகிறது. கண்ணை இறுக மூடியிருக்கிறார், உதடு முணுமுணுக்கிறது. உறை என் கையில் மாட்டியிருக்கிறது. கையில் உணர்ச்சி அவ்வளவாக இல்லாததால் மாட்டியதே எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் சுருங்குகிறது, என் கை திறக்கிறது. மூடுகிறது. மறுபடி சுருங்குகிறது, மறுபடி திறக்கிறது. எனக்குப் பத்துக்கு நாலு வந்த மெஷின் அவருக்குப் பத்துக்குப் பத்து வேலை செய்தது.

"என்னங்க பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "இல்ல வசந்தி... விட்டுட்டா எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சுல்ல. நீ மனசு மாறிப் போட்டுக்கற வரைக்கும் நம்ம வீட்டிலயே இருக்கட்டும்னுதான்..."

"எத்தனை நாளா?"

"நீ நிறுத்தினதுலேர்ந்து."

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற அந்த ஒரு மணி நேரத்தை, சாப்பிடாமல், இதற்குக் கொடுத்திருக்கிறார். ஆள் இளைத்துக்கொண்டே போனதை நான் கவலை என்று நினைத்திருந்தேன். "அறிவிருக்கா உங்களுக்கு? என் மூளைக்கு வைத்தியம் பாக்கக் கொடுத்தா, நீங்க மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க!"

"உனக்காக நான் மொட்டை போட்டேன், அக்கா உருண்டு கொடுத்துச்சு. அதெல்லாம் உனக்குச் சேரும்னா இது மட்டும் சேராதா?" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "என் கைய நான் நினைக்கவே இல்ல வசந்தி. ஒவ்வொரு தடவையும் உன் கை திறக்கற மாதிரிதான் நினைச்சேன்" என்றார். இந்த மனிதரை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா? நான் இரண்டும் செய்யவில்லை. இடது கையால் போனை எடுத்து ஷாலினியைக் கூப்பிட்டேன்.

"அதான் மேடம்... சிக்னல் திடீர்னு அவ்வளவு சுத்தமா வந்துச்சு. நான் சாருக்கு போன் பண்ணி உங்களுக்கு வாழ்த்து சொல்லச் சொன்னேனே" என்றாள். மொட்டைத் தலையில் பஞ்சு நன்றாக ஒட்டுமாம். நான் போட்டுப் பார்த்ததையும், ஒரு தடவைகூடத் திறக்காததையும் சொன்னேன். "மேடம், அந்த மெஷின் தினம் போடறவங்க மூளையைப் பாத்துப் பாத்துத் தன்னை மாத்திக்கும். இத்தனை நாள்ல அது சாரோட மூளையைத்தான் படிச்சிருக்கு. உங்களோடது அதுக்குப் புரிஞ்சிருக்காது. நீங்க நாளைக்கே வாங்க."

மறுநாள் மெஷினையும் எடுத்துக்கொண்டு துவாக்குடி போனோம். இவர் உள்ளே வரவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஷாலினி பழையதையெல்லாம் அழித்து, என் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு பஞ்சையும் பொறுமையாக ஒட்டவைத்தாள். மெஷின் முதலிலிருந்து என்னைப் படித்தது. பிறகு, "இப்ப நினைங்க மேடம்" என்றாள். நினைத்தேன். இரண்டு தடவை ஒன்றும் இல்லை. மூன்றாவதில் மோட்டார் ஓடியது. கை திறந்தது. விட்டு விட்டு, ஆனால் திறந்தது, திறந்தது. ஷாலினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "உங்க மூளை இவ்வளவு நாளும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கு வசந்தி" என்றார். அடுத்து வரப்போவதும் அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. ஆராய்ச்சியில் வேறொருவர் மூளை கலந்துவிட்டதால் என்னை விலக்கியாக வேண்டும். மெஷின் காத்திருக்கிறவருக்குப் போக வேண்டும். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், அன்று கெஞ்சினேன். "ஒரு மாசம் கொடுங்கம்மா, நான் முடியை வேணும்னா எடுத்துடறேன்." அவர் என் கையைப் பிடித்தபடி, "என் முடிவா இருந்தா கொடுத்துடுவேன்மா. பிசியோதெரபியை விடாதீங்க" என்றார். வேகமாகத் தேறுகிற காலம் எனக்கு முடியப்போகிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கு, இதை எழுதும்போது, வலது கையில் கட்டைவிரல் மட்டும் நகத்தளவு அசைகிறது. மற்ற நான்கும் மூடியபடிதான்.

இப்படி ஒரு மெஷின் உங்கள் வீட்டுக்கு வந்தால் பக்கத்தில் உட்காருங்கள், பேச்சுக் கொடுங்கள், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு வேண்டியதை நோயாளிதான் செய்ய வேண்டும். போன் செய்கிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்.

அன்று நான் வெளியே வந்ததும் இவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். "திறந்துச்சா?"

"திறந்துச்சுங்க."

எந்தத் திசை என்று பார்க்காமல் அப்படியே கைகூப்பிவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வாட்ச்மேனிடம் போய், "என் சம்சாரத்துக்குக் கை திறந்துடுச்சுங்க" என்கிறார். அந்த ஆளும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னபோதுகூட, "போகட்டும் விடு, திறந்துச்சுல்ல, அது போதும்" என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்துவிட்டு, மகளுக்கு போன் செய்து அதையே சொன்னார்.

திருவெறும்பூர் தாண்டியதும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வசந்தி."

"ம்."

"அப்ப உன் மூளை முன்னாடியே நல்லாத்தான் இருந்துச்சா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் அதைத் தொடாம இருந்திருந்தா, அவங்க வந்து கேட்டிருப்பாங்க. உன்னைத் திட்டியாவது போட வச்சிருப்பாங்க. உனக்கு நாள் வீணாகி இருக்காது. அப்படித்தானே?"

அதெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய், அவ்வளவுதானே. எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். எழுந்து போய் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் பாதிக்கு மேல் சீட் காலி. கண்டக்டர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. சத்திரம் வரும்வரை நின்றுகொண்டேதான் வந்தார். நான் கூப்பிட்டிருந்தால் வந்து உட்கார்ந்திருப்பார். நான் கூப்பிடவில்லை.